வெண்மார்பு மீன்கொத்தியும் ராதெரபீயும்: மூன்று மாதம் ஒரே படத்தில்

ஜனவரியில் ஒரு காலை திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் கரையில், கருவேலங்கிளையில் உட்கார்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியை நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அருமையாக இருந்தன. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் திறந்தால் நெஞ்சு முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரே வெள்ளை, ஒரு இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை. நல்லவேளை, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படத்தோடு, சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலும் சேர்ந்து பதிவாகும்படி வைத்திருந்தேன், ஆனால் அதுவரை அந்த ரா ஃபைல் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

அந்த ஒரு பறவையை ஒழுங்காகக் கொண்டுவர வேண்டும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதில் புரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் மென்பொருள். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. ரா ஃபைலைத் திறந்து படமாக்கும் மென்பொருள்களில் டார்க்டேபிளை ஒரு வாரம் பார்த்தேன், ராதெரபீயை ஒரு வாரம் பார்த்தேன். இரண்டுமே இலவசம், இரண்டுக்கும் மூலநிரல் திறந்தே இருக்கிறது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வேலை செய்ய டார்க்டேபிள் மிக வசதி, அதை விட்டுவிட மனமில்லை. ஆனால் கூர்மை விஷயத்தில் நான் தேடியதெல்லாம் ராதெரபீயில் கையருகே இருந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் 2004-இல் தனியாளாகத் தொடங்கியது அது, 2010-இல் மூலநிரலைப் பொதுவில் கொடுத்துவிட்டார். இவ்வளவு உழைப்பை இலவசமாகக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே பெரிய மரியாதை.

ரா ஃபைலை முதன்முதலில் திறந்தபோது ஏமாற்றம்தான். கிட்டத்தட்ட எதையும் மாற்றாத 'நியூட்ரல்' ப்ரொஃபைலில் வைத்தேன், படம் வெளிறி, மங்கலாக, ஜேபெக்கை விட மோசமாகத் தெரிந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜேபெக் என்பது கேமராவே கான்ட்ராஸ்ட் ஏற்றி, நிறம் கூட்டி, கூர்மையாக்கி, நாய்ஸ் என்ற மணல் மணலான புள்ளிகளைக் குறைத்துக் கொடுக்கும் சமைத்த சாப்பாடு. ரா என்பது அரிசியும் பருப்பும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், என் கேமராவின் 14 பிட் ராவில் 16,384 படிகள். அதோடு, சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பதிவு செய்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1970களில் கண்டுபிடித்த அடுக்கு அது, பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அப்படி நிரப்பும்போதே படம் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும். ஆக, ரா மங்கலாகத் தெரிவது இயல்புதான்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), மிக வெளிச்சமான இடங்களை அடக்கும் ஹைலைட் கம்ப்ரெஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அந்தச் சுண்ணாம்பு வெள்ளைக்குள்ளிருந்து இறகுகளின் வரிகள் மெல்ல எழுந்து வந்தன. ஜேபெக்கில் செத்துப்போயிருந்த இடம் ராவில் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அந்த நிமிஷத்தை மறக்கமாட்டேன்.

சரி, இனி கூர்மை. டீட்டெய்ல் பகுதியில் ஷார்ப்பனிங்கைப் போட்டு ஸ்லைடரை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்க்கிறேன், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இப்படியே போனது. அந்தக் கருவிகளின் பெயருக்குப் பக்கத்திலேயே சின்னதாக 1:1 என்று ஒரு குறி இருக்கிறது. படத்தை நூறு சதவீத அளவில் பெரிதாக்கினால்தான் அவற்றின் விளைவு முன்னோட்டத்தில் தெரியும் என்று அதற்கு அர்த்தம். இப்போது தொடங்குகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விளைவு தெரிந்ததும் அளவுக்கு மீறிப் போனேன். ஷார்ப்பனிங்கின் அன்ஷார்ப் மாஸ்க் முறையில் ரேடியஸையும் (விளிம்பைச் சுற்றி எவ்வளவு அகலம்) அமௌன்ட்டையும் (எவ்வளவு அழுத்தம்) ஏற்ற ஏற்ற, இறகெல்லாம் தெளிவாவதுபோல் தோன்றியது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்தச் சிவப்பு அலகைச் சுற்றி வானத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு, கிளையைச் சுற்றியும் அதேதான். இது ஏன் என்று தேடியபோது பழைய இருட்டறைக் காலத்துக்குப் போக வேண்டியிருந்தது. நெகட்டிவின் மங்கலான பாசிட்டிவ் நகல் ஒன்றை வேண்டுமென்றே எடுத்து, அதை நெகட்டிவோடு சேர்த்துவைத்து பிரின்ட் போடுவார்களாம். 'அன்ஷார்ப்' என்ற பெயர் அந்த மங்கல் நகலைக் குறிக்கிறது. அன்ஷார்ப் மாஸ்க் செய்வதெல்லாம் விளிம்பின் ஒரு பக்கத்தை இன்னும் வெளுப்பாகவும் மறுபக்கத்தை இன்னும் கறுப்பாகவும் ஆக்குவது, அவ்வளவுதான். புதிதாக ஒரு விவரமும் வருவதில்லை. ரேடியஸை ஒன்றுக்குக் கீழே கொண்டுவந்ததும் வெள்ளை விளிம்பு காணாமல் போனது.

அப்புறம் கிடைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ரா பகுதியில் இருக்கும் கேப்சர் ஷார்ப்பனிங். 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து இருக்கிறது. இது விளிம்பைக் கறுப்பாக்குவதில்லை, லென்சும் சென்சாரும் சேர்ந்து ஒரு புள்ளியை எவ்வளவு பரப்பியிருக்கும் என்று கணக்கிட்டு அதைத் திரும்பச் சுருக்கப் பார்க்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ரிச்சர்ட்சன், லூசி என்ற இருவர் 1972-இலும் 1974-இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த வழி. ஹப்பிள் தொலைநோக்கி 1990-இல் மேலே போனபோது அதன் 2.4 மீட்டர் கண்ணாடியைத் தவறாகத் தேய்த்திருந்ததால் படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை வானியலாளர்கள் அந்தப் படங்களைத் தெளிவாக்கக் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. அதே கணக்கு என் பழைய லேப்டாப்பில் ஒரு மீன்கொத்திக்காக ஓடுகிறது என்று நினைக்கையில் சிலிர்க்கிறது.

இதில் ரேடியஸை அதுவே கண்டுபிடித்துவிடும், நான் தொடுவதே இல்லை. நான் கவனிப்பது கான்ட்ராஸ்ட் த்ரெஷோல்டை மட்டும். அதற்கான மாஸ்க்கைத் திறந்தால் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வரும், வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் கூர்மை ஏறும். இறகும் கண்ணும் அலகும் வெள்ளையாகவும், பின்னால் இருக்கும் வானமும் தண்ணீரும் கறுப்பாகவும் ஆகும்வரை ஏற்றுகிறேன். நாய்ஸ் குறைப்பதற்கு முன்னாலேயே உள்ளுக்குள் இந்தக் கணக்கு நடந்துவிடுகிறது, நாம் எந்த வரிசையில் ஸ்லைடரைத் தொட்டாலும் மென்பொருள் தன் வரிசையில்தான் செய்யும். அதனால் த்ரெஷோல்டைக் கவனிக்காவிட்டால் வானத்தில் இருக்கும் மணல் மணலான நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகிவிடும். நாய்ஸ் ரிடக்ஷனில் நிற நாய்ஸைத் தானியங்கியில் விட்டுவிடுகிறேன். வெளிச்சத்தில் வரும் நாய்ஸுக்கான லூமினன்ஸைக் கொஞ்சம்தான் ஏற்றுவேன், கூடிப்போனால் இறகு மெழுகு மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவு கற்றும் அந்த நாற்பதில் முப்பதுக்கும் அதிகமான படங்கள் வீணாகத்தான் போயின. ஒவ்வொன்றின் விவரத்தையும் எடுத்துப் பார்த்தேன், எல்லாமே 1/250 நொடி ஷட்டர். 250 எம்எம் லென்ஸ், என் சென்சார் சிறியது என்பதால் 1.6 மடங்கு, பெருக்கினால் 400. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/400 நொடி வேண்டும், அதுவும் பறவை அசையாமல் இருந்தால். சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் நாய்ஸ் வருமே என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைத்திருக்கிறேன். பயப்பட வேண்டியது அசைவுக்குத்தான். நாய்ஸை ஓரளவு குறைத்துவிடலாம், கை அசைந்த படத்தை இந்த மென்பொருளில் எந்த ஸ்லைடராலும் மீட்க முடியவில்லை, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிப்ரவரியில் மறுபடி போனபோது 1/1000, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து மஞ்சள் மூக்கு நாரைகளை எடுத்தேன். விடுபட்ட நிறங்களை ஊகித்து நிரப்பும் டீமொசைக்கை, நாய்ஸ் அதிகமான படங்களுக்கு ஏற்ற எல்எம்எம்எஸ்ஈ முறைக்கு மாற்றியதும் அந்த ஐஎஸ்ஓ-விலும் திருப்தியாக வந்தது.

கடைசியாக ஒன்று. திரைக்காகச் சிறிதாக்கும்போது கூர்மை மறுபடி குறையும், அதற்கென்று ரீசைஸ் செய்தபின் போடும் ஷார்ப்பனிங் தனியாக இருக்கிறது, மிகக் குறைவாகப் போட்டால் போதும். காகிதத்துக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும், மை பரவுவதால். மீன்கொத்திப் படத்தை 3000க்கு 2000 புள்ளிகளாக வெட்டி, 8க்கு 12 அங்குலத்தில் ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டேன், அங்குலத்துக்கு 250 புள்ளி கிடைத்தது. திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றிய கூர்மை காகிதத்தில் சரியாக உட்கார்ந்தது.

போன ஞாயிறு அதைக் கூந்தன்குளத்துக்கு எடுத்துப்போய், எப்போதும் பறவை இருக்கும் இடத்தைக் காட்டித்தரும் டீக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நெஞ்சுல ஒவ்வொரு முடியும் தெரியுதே தம்பி, கிட்டப் போயா எடுத்தீங்க?" என்றார். கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இப்போது நாரைப் படங்களில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, வெள்ளை இறகும் கறுப்புச் சிறகும் ஒரே படத்தில் வருவதால் ஹைலைட்டும் நிழலும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன.