18 மாதங்கள் 12 ஆன விதம்

என்னைக் கட்டையால் தாக்கியவருக்கு இங்கிலாந்தின் க்ரௌன் நீதிமன்றம் ஒன்றில் தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில், நீதிபதி அவரைக் கடிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். அவரோ, தண்டனை அளவுகளுக்கு வழிகாட்டும் அமைப்பான சென்டென்சிங் கவுன்சிலின் வழிகாட்டு நெறிமுறையை எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் கணக்கிடத் தொடங்கினார். அந்த நெறிமுறையைப் பின்பற்றுவது நீதியின் நலனுக்கு எதிரானது என்று கருதினாலன்றி, நீதிபதி அதைப் பின்பற்றியாக வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் விதி.

சில வாரங்களுக்கு முன் காவல்துறையிடம் என் பாதிப்பு வாக்குமூலத்தை அளித்திருந்தேன். "அவர் நெடுங்காலம் சிறையில் இருக்க வேண்டும்" என்ற வரியை அதிகாரி நீக்கச் சொன்னார். தண்டனையின் அளவு பற்றிய பாதிக்கப்பட்டவரின் கருத்தை நீதிமன்றம் கணக்கில் எடுப்பதில்லையாம். வாயை அடைத்துவிட்டதாகவே அன்று நினைத்தேன். உறக்கம் கெட்டதையும், தனியே வெளியே செல்ல அஞ்சி வேலையை விட்டதையும் மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்த வரிகளே பிறகு பெரிதும் எடைபெற்றன. உடற்காயம் விளைவிக்கும் தாக்குதல் என்ற இக்குற்றத்துக்கு உச்சத் தண்டனை 5 ஆண்டுகள் என்றாலும், குற்றவாளியின் பொறுப்பு மூன்று நிலைகளாகவும் விளைந்த தீங்கு மூன்று நிலைகளாகவும் பிரிக்கப்பட்டு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் தொடக்க அளவு கிடைக்கிறது. பயன்படுத்திய ஆயுதம் மிகக் கொடியதல்ல என்பதால் பொறுப்பு இடைநிலையில் வைக்கப்பட்டது. என் எலும்பு முறிவு ஆறிவிட்டதால் தீங்கும் இடைநிலையே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அதை ஏற்றிருந்தால் தொடக்கம் 36 வாரங்கள். என் வாக்குமூலத்திலிருந்த மனப்பாதிப்பைச் சுட்டிக்காட்டி, நீதிபதி தீங்கை மிகக் கடுமையான முதல் நிலைக்கு உயர்த்தினார். தொடக்கம் 18 மாதங்களாயிற்று.

முந்தைய தண்டனையும் குடிபோதையும் அதைக் கூட்டின. வருத்தமும் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றதும் குறைத்தன. கணக்கு மீண்டும் 18க்கே வந்து நின்றது. முதல் விசாரணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்பட்டு, 12 மாதங்கள் என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய விதிப்படி 2 ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனையைச் சிறைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்க முடிந்தது என்றாலும், வன்முறைக்காக முன்பே ஒருமுறை தண்டனை பெற்றவர் என்பதால் நீதிபதி அவரை உடனே சிறைக்கு அனுப்பினார்.

அந்த ஆறு மாதக் கழிவை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர் மறுத்திருந்தால் நான் சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டிருப்பேன் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் விளக்கிய பிறகு, அது எதற்கான விலை என்று புரிந்தது. வலி தீரவில்லை. ஆயினும் அன்றிரவு இணையத்தில் அந்த அட்டவணையைத் திறந்து, நீதிபதி சொன்ன கட்டத்தை நானே தேடிக் கண்டுபிடித்து, எண்களைச் சரிபார்த்துக்கொண்டேன்.