டெக் ஷீட் ஸ்லாபை கம்ப்யூட்டரில் உடைத்த அனுபவம்

எம்.இ. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது டெக் ஷீட் (நெளிவாக மடித்த எஃகுத் தகடு) மேல் கான்கிரீட் போட்ட ஸ்லாப். லேபில் இரண்டு இடத்தில் லோடு கொடுத்து ஸ்லாபை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். அதே நடத்தையை, பொருளைச் சிறு துண்டுகளாகப் (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் அபாகஸ் மென்பொருளில் கொண்டுவருவது என் வேலை.

கான்கிரீட்டுக்கு கனமான சாலிட் எலிமென்ட், தகட்டுக்கு மெல்லிய ஷெல் எலிமென்ட். எம்25 தரக் கான்கிரீட் என்பதால் இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 படி மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) 25,000 மெகாபாஸ்கல். இதுவரை எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். தகடும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில்தான் உண்மையான வேலையே.

இரண்டையும் முழுதாக ஒட்டிவிட்டு ஒரு ரன் போட்டேன். அது வலிமையின் மேல் எல்லை, அவ்வளவுதான். நிஜ ஸ்லாபில் முதலில் ஒட்டு விடும். பிறகு தகட்டில் அழுத்தியிருக்கும் சின்னச் சின்னப் புடைப்புகள்தான் கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்தும். கடைசியில் அதையும் மீறி, ஸ்லாபின் ஓரத்தில் கான்கிரீட் தகட்டை விட்டு வழுக்கும். அங்கே வழுக்கலை அளக்க வைத்த டயல் கேஜ் 0.1 மி.மீ. காட்டும் லோடை விட உடையும் லோடு 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால்தான் ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 4 அந்த ஸ்லாபை டக்டைல் (திடீரென உடையாதது) என்று ஏற்கும்.

ஒவ்வொரு புடைப்பையும் வரைந்தால் மெஷ் (எலிமென்ட்களின் வலை) தாங்காது. அதனால் இரண்டும் தொடும் பரப்பு முழுக்கக் கோஹெசிவ் காண்டாக்ட் (ஓரளவு பிடித்து, பிறகு விடும் ஒட்டு) கொடுத்து, அதன் வலிமையைச் சோதனையிலிருந்தே எடுத்தேன். லோடு–தொய்வு வளைகோடு மட்டும் பொருந்தினால் போதாது, வழுக்கலும் பொருந்தியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விரிசலும் வழுக்கலும் ஒன்றாகத் தொடங்கியதும், ஒவ்வொரு படியிலும் சமநிலையைத் தேடும் ஸ்டாட்டிக் ரன் நகரவே மறுத்தது. நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தும் எக்ஸ்ப்ளிசிட் முறைக்கு மாறி, லோடுக்குப் பதிலாக இடப்பெயர்ச்சியை மெதுவாகக் கொடுத்தேன். வேகத்தின் பாதிப்பு விடையில் கலக்காதிருக்க, இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். கான்கிரீட் இழுவையில் விரிசல் விடுவதை முறிவு ஆற்றலாக (விரிசல் திறக்கத் தேவைப்படும் ஆற்றல்) கொடுத்த பிறகு, மெஷ்ஷை மாற்றினாலும் விடை பெரிதாக மாறவில்லை.

அப்புறம், தகட்டை 0.8 மி.மீ.யிலிருந்து 1.2 ஆக்கிப் பார்த்தேன். வலிமை அதிகம் ஏறவில்லை. வழுக்கல்தான் முடிவு செய்கிறது. ஆனால் தடித்த தகட்டில் புடைப்பின் பிடிப்பே வேறாக இருக்கும், அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதனால் அந்த விடையை ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை; தாங்கியிலிருந்து லோடு நிற்கும் தூரத்தை மாற்றிய ரன்களை மட்டும் கொடுத்தேன்.