மீட்டரில் பூஜ்யம் வந்தால் மீகடத்தி ஆகிவிடுமா?

குளிரும்போது மின்தடையை முழுதும் இழந்துவிடும் பொருளே மீகடத்தி. அப்படியொரு பொருளான ஒய்.பி.சி.ஓ. (இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு) வில்லை ஒன்றைத் திரவ நைட்ரஜனில் இறக்கி, 92 கெல்வின் அருகே மின்னழுத்தம் பொத்தென்று விழுவதைப் பார்ப்பது எம்.எஸ்சி. ஆய்வகத்தில் சுலபமாக முடிகிற வேலை. அதே பொருளை 100 நானோமீட்டர் படலமாக்கினாலோ, நையோபியம் நைட்ரைடை 5 நானோமீட்டர் தடிமனுக்குக் கொண்டுபோனாலோ, வெப்பநிலையோடு தடை மாறுவதைக் காட்டும் வளைகோடு அப்படி விழுவதில்லை. சரியும், தோள் தூக்கும், அடியில் வால் விடும். சில சமயம் விழும் முன் மேலே எழும்பவும் செய்யும். இதில் எது பொருளின் குணம், எது கம்பியின் கோளாறு என்று பிரிப்பதில்தான் நேரம் போகும். காலாப்பட்டு, கடலூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் அளப்பவர்களுக்கு இன்னும் சில தொல்லைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. படலங்களில் பேச வேண்டியது சதுரத் தடை, அதாவது மின்தடை எண்ணைத் தடிமனால் வகுத்து வருவது. நையோபியம் நைட்ரைடுக்கு 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 நானோமீட்டர் படலத்தில் சதுரத்துக்கு 400 ஓம் வரும். 10 மைக்ரான் அகலம், 100 மைக்ரான் நீளமுள்ள பாலம் (ஒடுங்கிய பட்டை) என்றால் வரிசையாகப் பத்து சதுரம், மொத்தம் 4 கிலோ ஓம். 1 மைக்ரோ ஆம்பியர் விட்டால் 4 மில்லிவோல்ட் கிடைக்கும், சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். 'சிக்னல் போதவில்லை' என்று 100 மைக்ரோ ஆம்பியருக்கு ஏற்றினால் அந்தப் பாலத்தில் 40 மைக்ரோவாட் எரிகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். பரப்பால் வகுத்துப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 4 வாட், ஏறக்குறைய சூடான இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு. படலம் தெர்மாமீட்டரைவிடச் சூடாக இருக்கும், நிலைமாற்ற வெப்பநிலை (மீகடத்தியாக மாறும் வெப்பநிலை) குறைந்துவிட்டதாகத் தெரியும். வளைகோட்டை இரண்டு மின்னோட்டங்களில், ஒன்று மற்றதில் பத்தில் ஒரு பங்காக, எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் பெரிய மின்னோட்டத்தை நம்பாதீர்கள்.

இனி பொய்ப் பூஜ்யம். அதிகம் ஏமாற்றுவது மின்னோட்டக் கம்பி விட்டுப்போவது. குளிரும்போது சில்வர் பேஸ்ட் சுருங்கி மின்னோட்டத் தொடுப்பு விலகினால், மின்னோட்டம் தரும் கருவி தன் மின்னழுத்த வரம்பில் போய் முட்டி நிற்கும், படலத்தில் மின்னோட்டமே இருக்காது. வோல்ட்மீட்டர் பூஜ்யம் காட்டும், பார்ப்பவர் சந்தோஷப்படுவார். இதற்கு மருந்து ரொம்ப மலிவு: மின்னோட்டப் பாதையில் தொடராக 100 ஓம் துல்லியத் தடை ஒன்றைப் போட்டு, அதன் மின்னழுத்தத்தையும் ஒவ்வொரு புள்ளியிலும் பதிவு செய்யுங்கள். அது ஆடாமல் இருந்தால்தான் படலத்தின் பூஜ்யத்துக்கு மதிப்பு.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. நான்கு மூலையில் தொடுப்பு வைத்து வான் டெர் பாவ் முறையில் அளக்கிறீர்கள் (சமச்சீரான சதுரப் படலத்தில், அளந்த தடையை 4.53-ஆல் பெருக்கினால் சதுரத் தடை). படலத்தில் ஒரு ஓரம் மற்ற இடத்துக்கு முன்பே மீகடத்தியாகிவிட்டால், மின்னோட்டம் முழுதும் அந்தப் பக்கம் ஓடிவிடும். மின்னழுத்த முனைகள் இருக்கும் பக்கம் காலி. பாதிப் படலம் இன்னும் சாதாரண நிலையில் இருக்கும்போதே மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முனைகளை வேறு பக்கத்தில் வைத்திருந்தால் இதே காரணத்தால் நிலைமாற்றத்துக்குச் சற்று மேலே தடை கூம்பு போல எழும். அந்தக் கூம்பைப் புதிய இயற்பியல் என்று எழுதிவிடும் முன், முனைகளைச் சுழற்றி அடுத்த பக்கத்திலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் கூம்பு, இன்னொரு பக்கம் அவசரப் பூஜ்யம் என்று வந்தால் படலம் சீராக இல்லை, அவ்வளவுதான். மின்னோட்ட இணையையும் மின்னழுத்த இணையையும் இடம் மாற்றினாலும் குறைந்த மின்னோட்டத்தில் அதே தடை வர வேண்டும். வராவிட்டால் தொடுப்பையோ கசிவையோ தேடுங்கள்.

வெப்ப மின்னழுத்தம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இங்கே அதற்குத் தனி முகம். தாமிரமும் ஈய-வெள்ளீயப் பற்றாசும் சேரும் இடத்தில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1 முதல் 3 மைக்ரோவோல்ட். தாமிரமும் கறுத்துப்போன தாமிர ஆக்சைடும் சேரும் இடத்தில் சுமார் 1000 மைக்ரோவோல்ட். உப்புக் காற்றில் மேசைமேல் கிடந்த இணைப்பியைத் துடைக்காமல் மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை நேர், எதிர், நேர் என்று மூன்று முறை மாற்றி, முதல் அளவிலிருந்து இரண்டாவதை இருமுறை கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்கால் வகுத்தால் நிலையான பிழையும், நேர்கோட்டில் நகரும் பிழையும் போய்விடும். அளவுகளுக்கு இடையே ஒரே இடைவெளி இருக்க வேண்டும். இதெல்லாம் செய்த பிறகும் 'பூஜ்யம்' என்று எழுதாமல் ஒரு வரம்பு எழுதுவதே நேர்மை: 10 நானோவோல்ட் வரை பிரித்தறியும் மீட்டரில் 100 மைக்ரோ ஆம்பியர் விட்டால், 0.1 மில்லி ஓமுக்குக் கீழே என்பதுதான் சொல்லக்கூடியது.

கம்பிகள் சரி என்று உறுதியான பிறகு, வளைகோட்டின் மேல் வளைவைப் பாருங்கள். நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலேயே, மீகடத்தலை உண்டாக்கும் எலக்ட்ரான் சோடிகள் தோன்றி மறைவதால் கடத்துதிறன் கூடும். அஸ்லமாசோவும் லார்கினும் 1968-இல் தந்த கணக்குப்படி, இரு பரிமாணப் படலத்தில் இந்தக் கூடுதலின் அலகு சதுரத்துக்கு 1.52 × 10⁻⁵ சீமென்ஸ், தடிமனைப் பொறுத்ததல்ல. 400 ஓம் படலத்தில் நிலைமாற்றத்துக்குப் பத்து சதவீதம் மேலே நின்றால் கடத்துதிறன் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கும், கண்ணுக்கே தெரியும். 5 ஓம் படலத்தில் அதே இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே குறைந்த சதுரத் தடையுள்ள தடித்த படலத்தில் மேல் வளைவு பெரிதாக இருந்தால், சோடிகள் தோன்றி மறையும் இந்த ஏற்றத்தாழ்வுகளுக்குப் புகழ் கொடுக்காமல் படலத்தின் சீரின்மையையோ தெர்மாமீட்டரின் தாமதத்தையோ சந்தேகியுங்கள். தாமதத்தைப் பிடிக்கக் குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் எடுத்து ஒப்பிட்டால் போதும். பிளாட்டினம்-100 உணரியைப் படலம் அமர்ந்திருக்கும் அதே தாமிரக் கட்டியில் பதித்து, நிமிடத்துக்கு அரை கெல்வினுக்கு மேல் போகாமல் நகருங்கள். திரவ நைட்ரஜனில் அது ஏறத்தாழ 20 ஓம் காட்டாவிட்டால் மற்ற எதையும் தொடாமல் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வால் பகுதிதான் ருசியானது. தடை அச்சை மடக்கை அளவில் போட்டால்தான் அது தெரியும். நேர் அளவில் எல்லாமே பூஜ்யம் மாதிரி இருக்கும். மெல்லிய படலத்தில் சுழல்களும் (மின்னோட்டம் சுற்றிச் சுழலும் நுண்ணிய சுழிகள்) எதிர்ச்சுழல்களும் சோடி பிரிந்து ஓடுவதால் தடை மிஞ்சுகிறது. அவை சோடி சேரும் வெப்பநிலையில் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். பெரெசின்ஸ்கி 1971-இலும், கோஸ்டர்லிட்ஸ், தௌலஸ் இருவரும் 1973-இலும் காட்டிய நிலைமாற்றம் இது. 2016 நோபல் பரிசின் ஒரு பகுதி இதற்காகத்தான். அடுக்கு 1-லிருந்து 3-க்கு ஏறும் இடத்தைத் தேடும்போது சுற்றுப்புறக் காந்தப்புலம் குறுக்கே வரும். பூமியின் புலம் நம் பகுதியில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனை அருகே போவதால், இங்கே அது பெரும்பாலும் கிடைமட்டமாக, வடக்கு நோக்கி இருக்கிறது. படலத்தைத் தட்டையாகப் படுக்க வைத்தால் ஊடுருவும் பகுதி மிகச் சிறியது. ஆனால் டெவாரில் (குளிர்த் திரவம் வைக்கும் குடுவை) இறக்கும் கோல்களில் படலம் பெரும்பாலும் நின்றபடிதான் ஒட்டப்படும். அதன் முகம் வடக்கே திரும்பியிருந்தால் மொத்தப் புலமும் குத்திக்கொண்டு போகும். அப்போது ஏறக்குறைய 7 மைக்ரான் இடைவெளிக்கு ஒரு சுழல் உட்கார்ந்துவிடும். கோலைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிவிட்டு அளவு மாறுகிறதா என்று பாருங்கள். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் கவசம் வாங்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

நானோ கம்பியில் வாலுக்கு வேறு காரணம். கம்பியின் குறுக்களவு எலக்ட்ரான் சோடியின் அளவுக்கு இறங்கினால், அதில் ஏதோ ஓர் இடத்தில் மீகடத்தல் ஒரு கணம் அறுந்து, சோடிகளின் அலைக்கட்டம் (phase) ஒரு முழுச்சுற்று நழுவும். ஒவ்வொரு நழுவலும் ஒரு மின்னழுத்தத் துடிப்பு. இதை வெப்பம் தூண்டினால் வெப்பநிலை இறங்க இறங்கத் தடை அடுக்குக்குறியாகக் குறையும். குறைவது நின்று தட்டையாகிவிட்டால் குவாண்டம் நழுவல் என்று எழுத எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் அது ரேடியோ அலை இரைச்சல். செல்போன், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், இன்வர்ட்டர் மூன்றும் இணைப்புக் கம்பிகள் வழியே உள்ளே புகுந்து நானோ கம்பியைச் சூடாக்கும். ஒவ்வொரு இணைப்புக் கம்பியிலும் பை-வடிகட்டி (உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் சுற்று) போட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் தட்டை இருந்தால் பேசலாம். சதுரத் தடை h/4e² (h பிளாங்க் மாறிலி, e எலக்ட்ரானின் மின்னூட்டம்), அதாவது 6.45 கிலோ ஓம் பக்கம் போகும் படலங்களில் இன்னும் கவனம் தேவை. ஹாவிலாண்ட், லியு, கோல்ட்மன் மூவரும் 1989-இல் பிஸ்மத் படலங்களை அணு அணுவாகத் தடித்துக் காட்டியது போல, அந்த எல்லைக்கு அந்தப்புறம் குளிரக் குளிரத் தடை ஏறிக்கொண்டே போகும்.

இன்வர்ட்டர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் இன்வர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் தரைக்கம்பி வழியே வரும் ஒரு துள்ளல் 50 நானோமீட்டர் கம்பியை உருக்கிவிடப் போதும். எல்லா முனைகளையும் தரையோடு சேர்த்துக் குறுக்கும் சுவிட்சுப் பெட்டி ஒன்று கட்டாயம். மீட்டரை இணைத்த பிறகே தரையை விடுங்கள், தரையில் சேர்த்த பிறகே மீட்டரை எடுங்கள். அளக்காத நேரத்தில் எல்லாம் தரையிலேயே இருக்கட்டும்.

ஒய்.பி.சி.ஓ. படலத்துக்கு ஈரம்தான் எமன். நீராவி பட்டால் பேரியம் பிரிந்து ஹைட்ராக்சைடாகி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு கார்பனேட் ஆகும். மேற்பரப்பில் கடத்தாத தோல் விழும், தொடுப்புத் தடை கிலோ ஓமுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த படலம் வீண். வெள்ளியை ஆவியாக்கிப் படியவைத்து, ஆக்சிஜனில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தினால் தொடுப்பு நிலைக்கும். அளந்து முடித்ததும் கோலை அப்படியே வெளியே இழுக்காதீர்கள். குளிர்ந்த படலத்தின்மேல் பனி படிந்து உருகினால் அதுவே குளியல். டெவாரின் கழுத்திலேயே, காய்ந்த நைட்ரஜன் ஆவியில் 300 கெல்வின் வரை ஏறவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேட்டருக்கு மாற்றுங்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியிருந்தால் அது வெறும் மணல். முதலில் அதை அடுப்பில் வறுத்தெடுங்கள்.

திரவ நைட்ரஜனை வேறிடத்திலிருந்து கொண்டு வருபவர்கள் கண்ணாடி ஏற்றிய ஏ.சி. காரில் வைத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் வராதீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். பின்பக்கம் திறந்த வண்டியில், டெவாரின் மூடியை இறுக்காமல், சாயாதபடி கட்டி எடுத்து வரலாம்.