உள்ளடங்கிய கல்விப் பயிற்சிக்குப் போகும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

மாற்றுத்திறன் மாணவர்களையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதற்கான இந்தப் பயிற்சியின் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. அடுத்த கட்டப் பயிற்சிக்கு ஆசிரியர்களை அழைக்கத் தொடங்கியிருப்பதால் இதை உடனே எழுதுகிறேன்.

பயிற்சி நாட்களுக்குப் பள்ளியிலிருந்து அனுப்பிவைக்கும் பணிவிடுவிப்பு ஆணை வாங்கியதில் சிரமமே இல்லை. சிக்கல் பயிற்சி மைய வாசலில் தொடங்கியது. மாறுதலில் இந்த உயர்நிலைப் பள்ளிக்கு வந்து மாதங்கள் ஆகியும், பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் என் பெயர் பழைய பள்ளியிலேயே இருந்திருக்கிறது. அதனால் வருகைப் பட்டியலில் நான் இல்லை. "லிஸ்ட்ல இல்லாதவங்க கையெழுத்துப் போட முடியாது டீச்சர். போய் உட்காருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பதிவேட்டை வைத்திருந்தவர்.

அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் ஒரு வெள்ளைத்தாளில் என் பெயர், எமிஸ் எண், பள்ளியின் பெயர் எல்லாம் எழுதி, பணிவிடுவிப்பு ஆணையின் நகலோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். தினமும் காலையிலும் மாலையிலும், வகுப்பெடுக்கும் கருத்தாளரிடம் அதில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. பயிற்சி நடந்த அறை மாடியில். எங்களோடு வந்த ஓர் ஆசிரியை, போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டு, காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு நடப்பவர். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மதிய உணவுக்கு இறங்கவே இல்லை. கேட்டால், "பழகிடுச்சு டீச்சர், விடுங்க" என்றார். நான் விடவில்லை. அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு பொறுப்பாளரிடம் போனேன். புரொஜெக்டர் மேலேதான் மாட்டியிருக்கிறது என்று பதில் வந்தது. அன்று காலை எங்களுக்கு நடத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-ஆம் பிரிவையே எடுத்துச் சொன்னேன். கல்வி நிறுவனக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் எளிதில் வந்துபோகும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. கருத்தாளரும் எங்கள் பக்கம் நின்றார். மறுநாள் வகுப்பு கீழ்த்தளக் கூடத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெஞ்சின் மேல் வைத்த புரொஜெக்டர் நன்றாகவே ஓடியது!

பயிற்சியின் பெரும்பகுதி திரையில் இருப்பதை வாசிப்பதிலேயே போனது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, 2016 சட்டத்தில் 21 ஆயின, கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது என்பவற்றையெல்லாம் நாமே படித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் எடுத்த ஒரு பிற்பகல் மட்டும் அத்தனை அலைச்சலுக்கும் ஈடானது. என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நோட்டைப் பெயரை மறைத்து எடுத்துப்போயிருந்தேன். வாயால் கேட்டால் பாடம் முழுவதும் சொல்வான். எழுதினால் ர, ற இடம் மாறும், கொம்பும் காலும் எழுத்தை விட்டு எங்கோ நிற்கும். சோம்பேறி என்று பெயர் வாங்கியவன். அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இது அறிகுறி மட்டுமே, முடிவு சொல்ல வேண்டியது நிபுணர்கள், பெற்றோரிடம் பேசி மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள் என்றார். நீங்களும் நோட்டுகளை எடுத்துப்போங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்று மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் 1 மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கும் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக்கே நாளாகும் என்பதால், தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வகுப்பில் செய்ய வேண்டியவற்றுக்கு எந்தச் சான்றும் தேவையில்லை: வினாவை வாசித்துக் காட்டுங்கள், விடையை வாய்மொழியாகக் கேளுங்கள், எல்லார் முன்னும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். எல்லாருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை. போய்க் கேட்டால் வருகையே பதிவாகவில்லை என்றார்கள். ஒருமுறை சம்பந்தப்பட்டவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அரைநாள் விடுப்பு வீண். கடைசியில் பழைய பள்ளியில் எமிஸிலிருந்து விடுவிக்கச் சொல்லி, புதிய பள்ளியில் சேர்த்து, கையெழுத்துத் தாளின் நகலோடு கடிதம் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். முத்திரை விழுந்த பிறகு "கடிதமே வரலையே" என்ற பேச்சு எழவில்லை.

அந்த மாணவனின் அம்மா மதிப்பீட்டுக்குச் சம்மதித்துவிட்டார். சான்று வந்தது, விண்ணப்பமும் போயிருக்கிறது. பயிற்சி முடிந்து கிளம்பும்போது உங்கள் ஒன்றியத்துச் சிறப்புப் பயிற்றுநரின் தொலைபேசி எண்ணையும், அவர் எந்தக் கிழமை உங்கள் பள்ளிக்கு வருவார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.