லண்டன் சனலுக்குத் திருமலையில் டிஷ் பூட்டலாமா?

எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "தம்பி, ரூம் எடுக்கிற ஆக்கள் பிபிசி வருமா, ஸ்கை வருமா எண்டு கேக்கினம். பெரிய டிஷ்ஷா ஒண்டு பூட்டித் தாவன்." (ஸ்கை என்பது அங்கே மாதக் காசு கட்டிப் பார்க்கிற சேவை.) விடுமுறைக்கு வந்து நிற்கிற நம்முடைய லண்டன் ஆக்களும் இதையே கேட்கிறார்கள். டிஷ் பூட்டுவது என் தொழில், ஆனாலும் இந்த வேலையை நான் எடுப்பதில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பிரித்தானிய சனல்களைச் சுமக்கிற அஸ்ட்ரா 2ஈ, 2எஃப், 2ஜி மூன்றும் கிழக்கு 28.2 பாகையில் நிற்கிற சற்றலைட்டுகள். லண்டனில் இருந்து பார்த்தால் அந்த இடம் தென்கிழக்கே, அடிவானத்தில் இருந்து ஏறக்குறைய 25 பாகை உயரத்தில் இருக்கும். திருமலையில் இருந்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மேற்கே, கொஞ்சம் தெற்குச் சாய்ந்து, கிட்டத்தட்ட 29 பாகை. லண்டன்காரரை விட நமக்குத்தான் அது உயரத்தில் நிற்கிறது! ஓர்ஸ் ஹில்லில் தென்னை மறைக்காத ஒரு மொட்டை மாடியில் டிஷ்ஷை மேற்கே திருப்பினால் நேர்கோட்டில் ஒரு தடையும் இல்லை. அப்படியென்றால் ஏன் வராது? சற்றலைட் மேலே நின்றால் மட்டும் போதாது, அது எந்தப் பக்கம் பார்த்து அனுப்புகிறது என்பதுதான் விசயம். பிபிசி, ஐரிவி, சனல் 4 போகிற கதிர் பிரித்தானியத் தீவுகளைக் குறி வைத்து ஒடுக்கமாக இறக்கப்படுகிறது. முந்தைய சற்றலைட்டுகளின் கதிர் கொஞ்சம் அகலமாக விழுந்ததால் ஸ்பெயினில் குடியேறியிருந்த ஆங்கிலேயர் பெரிய டிஷ் வைத்துச் சமாளித்தார்கள், 2014இல் புதியவற்றுக்கு மாற்றியதும் அவர்களில் நிறையப் பேருக்கே அறுந்துபோனது. ஸ்பெயினின் தெற்கிலேயே இந்த நிலை என்றால் இங்கே எட்டடி டிஷ் வைத்தாலும் ரிசீவரில் சிக்னல் கோடு அசையாது. படம், தொடர், பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுவதால்தான் இப்படி ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே கட்டண இணைப்பில் வருகிற பிபிசி நியூஸ் வெளிநாடுகளுக்கென்று போகிற ஒளிபரப்பு, அதை வைத்து மற்றதும் வரும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. இங்கே நிறையப் பேர் "லண்டன் ரிவி" என்றாலே ஸ்கை என்று நினைக்கிறார்கள், லண்டனில் இருக்கிற பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததும் "ஸ்கை எடுத்துத் தா" என்று கேட்கிறார்கள். ஸ்கை 1989இல்தான் வந்தது, பிபிசி 1936இலேயே ரிவி ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது, ஐரிவி 1955, சனல் 4 1982, சனல் 5 1997. ஸ்கை தவிர்த்த இந்த முக்கியமான சனல்கள் எல்லாவற்றையும் மாதக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். கூரையில் சாதாரண அன்ரனா இருந்தால் ஃப்ரீவியூ, டிஷ் இருந்தால் ஃப்ரீசாட். வாடகைக்குப் போகிற வீட்டுச் சுவரில் யாரோ விட்டுப்போன ஸ்கை டிஷ் தொங்கிக்கொண்டிருக்கும், ஃப்ரீசாட் பெட்டியை வாங்கி அந்த வயரையே செருகலாம். ஸ்கை கியூ என்கிற ஸ்கைப் பெட்டிக்கு மாற்றின டிஷ் என்றால் மட்டும் நுனியில் சிக்னலை வாங்குகிற எல்என்பி என்ற சின்னப் பாகத்தை மாற்ற வேண்டி வரலாம், அது சின்ன வேலை.

மாதக் கட்டணம் இல்லை என்றேனே தவிர லைசன்ஸ் இருக்கிறது, இதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். வீட்டுக்கு ஒரு ரிவி லைசன்ஸ், 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண் ஆனது. பிபிசியே பார்ப்பதில்லை, தமிழ் சனல்தான் பார்க்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. எந்த சனலையும் ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்த்தால், அது போனில் என்றாலும், லைசன்ஸ் வேண்டும். பிபிசி ஐபிளேயருக்கும் வேண்டும். இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் தண்டம் 1000 பவுண் வரை போகலாம். படிக்கப் போகிற பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும், ஒரு விளம்பரமும் குறுக்கிடாமல் அத்தனை நிகழ்ச்சி வருகிறதென்றால் அந்தக் காசில்தான் வருகிறது.

சரி, ஸ்கைக்கு எப்போது காசு கொடுக்கலாம்? கிரிக்கெட்டுக்கு. 2005 வரை இங்கிலாந்தில் நடக்கிற டெஸ்ட் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைச் சனல் 4இல் சும்மா பார்த்தார்கள். 2006இல் இருந்து நேரடி ஒளிபரப்பு ஸ்கைக்குப் போய்விட்டது. 2014இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில், ஆட்டம் முடிய இரண்டே பந்து இருக்கும்போது நம்முடைய எரங்க இங்கிலாந்தின் அண்டர்சனை வீழ்த்தி நமக்குத் தொடரை வென்று தந்தாரே, அதை அங்கே நேரடியாகப் பார்த்தவர்கள் ஸ்கை வைத்திருந்த வீட்டுக்காரர்தான். ஒரு நாட்டின் கோடைகால விளையாட்டை இப்படிப் பூட்டி வைத்தது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், பணமில்லாத வீட்டுப் பிள்ளை எங்கே பார்த்துப் பழகும்? 2019 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைச் சனல் 4க்கும் கொடுத்தார்கள். கிரிக்கெட், பிரிமியர் லீக் இரண்டிலும் ஆர்வம் இல்லாத அம்மா அப்பாவுக்காக ஸ்கை ஒப்பந்தத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

ஸ்கையே இப்போது டிஷ்ஷை விட்டு நகர்கிறது. 2021இல் வந்த ஸ்கை கிளாஸ், அப்புறம் வந்த ஸ்கை ஸ்ட்ரீம், இரண்டும் இன்டர்நெட்டில் ஓடுபவை. இலவச சனல்களையும் இன்டர்நெட்டில் தருகிற ஃப்ரீலி 2024இல் வந்தது.

அதனால் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற அண்ணாமாருக்குச் சொல்கிறேன். டிஷ்ஷுக்கு ஒதுக்கின காசில் நல்ல ஃபைபர் இணைப்பு எடுங்கள், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ரூட்டர், ரூமில் லாப்டொப்பை ரிவியில் செருக எச்டிஎம்ஐ வயர் ஒன்று. வருகிறவர்கள் தாங்கள் காசு கட்டுகிறவற்றில் இங்கே ஓடுவதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எல்லா லண்டன் சனலும் வரும் என்று சொல்லிச் சிலர் விற்கிற பெட்டிகள் களவு ஒளிபரப்பு, அவற்றை நான் பூட்டித் தர மாட்டேன். வயர் இழுக்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.