மாவுக்குக் குளிருதாம்

அத்தையிடம் “கிச்சன் இருக்கு” என்று சொல்லியிருக்கவே கூடாது. சொன்னது இவர்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம், பூண்டு வயலைப் பார்த்த மாதிரி காட்டேஜ். அடுப்பு, கேஸ் எல்லாம் உண்டு, வேண்டுமானால் சமைத்துக்கொள்ளலாம் என்றார் ஓனர். அந்த “வேண்டுமானால்” மட்டும் அத்தை காதில் விழவில்லை. குக்கர், தோசைக்கல், அரிவாள்மனை எல்லாம் மதுரையிலிருந்து கிளம்பின. விடியற்காலையில் அரைத்த மாவு, வழியில் பொங்கிவிடக் கூடாதென்று எவர்சில்வர் தூக்கில், சுற்றிலும் ஐஸ்கட்டியோடு.

செக்போஸ்டில் இ-பாஸ் பார்த்தார்கள். 2024 மே முதல் வண்டிக்கு அது வேண்டும், மாவுக்கு வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தவர், “மேல குடி வர்றீங்களா சார்?” என்று கேட்டார்.

அன்று மதியம் அத்தை சோறு வடித்தார். குக்கர் சோறு மாமாவின் சர்க்கரைக்கு ஆகாதென்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்றெல்லாம் கேட்கக் கூடாது. உலை தளதளவென்று கொதிக்கிறது, அரிசி மட்டும் அரிசியாகவே கிடக்கிறது. கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது என்று பையன் பாடப்புத்தகத்தை ஒப்பித்தான். “அப்ப ஏன்டா இம்புட்டு ஆவி வருது?” என்றார் அத்தை. கடைசியில் டாக்டரை மீறிக் குக்கரில்தான் வெந்தது. சாப்பிட்டு முடிக்க நாலு மணி.

ராத்திரிதான் வினை. மதுரையில் மாவை அரைத்து வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டால் பொங்கித் தரைக்கு வந்துவிடும். இங்கே காலையில் திறந்தால் வைத்த கோட்டில் அப்படியே நின்றது. காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “குளிருக்கு எந்திரிக்காதும்மா, கணப்புகிட்ட வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். கணப்புப் பக்கத்து இடம் மாவுக்கு. தடிமனான கம்பளியும் மாவுக்கு. அதுவும் போதாமல் மாமா தலையிலிருந்த மங்கி குல்லாவைக் கழற்றித் தூக்குக்கு மாட்டினார் அத்தை. முகம் தெரிகிற ஓட்டை வழியாக எவர்சில்வர் பளபளத்தது. நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த இவர், “அப்பா, ஏன் தரையில உக்காந்திருக்கீங்க?” என்று அதனிடம் கேட்டுவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

மன்னவனூர் ஏரிக்குப் போவதாகத் திட்டம். மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு மட்டும் போனோம். அங்கே இருப்பது போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பார்கள். ஒன்பது பாஷாணத்தைக் கட்டிச் சிலையாக்கிய சித்தராலும் அந்த மாவைப் புளிக்கவைத்திருக்க முடியாது. திரும்பி வந்தால் வாசலில் ஒரு காட்டுமாடு, காலையில் அத்தை கொட்டிய கேரட் தோலை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. அது போகும் வரை காருக்குள்ளேயே அரை மணி நேரம். “உள்ள கணப்பு அணைஞ்சிருக்கும்” என்று அத்தை புலம்பிக்கொண்டே இருந்தார். ஊருக்குக் கிளம்பும் வரை தோசைக்கல் அடுப்பேறவில்லை. மூன்று வேளையும் உப்புமா.

இறங்கும்போது தூக்கு மாமா மடியில். பெருமாள்மலை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். டம்டம் பாறையில் எல்லோரும் எலிவால் அருவியைப் பார்க்க, மாமா மட்டும் இறங்காமல் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வத்தலக்குண்டு வெயில் பட்டதுதான் தாமதம், மூடி டொப்பென்று எழும்பி, வேட்டியெல்லாம் மாவு. “அடியே, எந்திரிச்சிருச்சுடி!” என்று ஒரு கத்து. பேரன் பிறந்தபோதுகூட மனிதர் இப்படிக் கத்தவில்லை. அத்தை குல்லாவாலேயே வேட்டியைத் துடைத்துவிட்டார். குளிரில் குல்லா இல்லாமல் கிடந்தவருக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்று ராத்திரி மதுரையில் முதல் மூன்று தோசையும் அவர் தட்டில்தான் விழுந்தன, சர்க்கரையாவது ஒன்றாவது.

இன்றைக்குக் காரைக் கழுவ விட்டுவந்தார் இவர். கழுவுகிற பையன் பின்கதவைத் திறந்து மூக்கைச் சுளித்துவிட்டுக் கேட்டானாம்: “அண்ணே, தள்ளுவண்டிக் கடை எந்த ஏரியாவுல போட்டிருக்கீங்க?”