"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றால் உடனே பையைக் கட்டாதீர்கள்

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள். ஆனால் கடைசிக் கட்டத்தில் எங்களை அலைக்கழித்த அலைக்கழிப்பில் வந்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை, அதனால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதப்போகிறேன். குறைமாதக் குழந்தையை என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவினால் சரி.

29 வாரத்தில் பிறந்தாள், 1180 கிராம். நுரையீரல் விரிவதற்கான மருந்து, மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு கொடுத்து மூச்சுக்கு உதவும் சிபாப், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, தலை ஸ்கேன் என்று வழக்கமாக நடப்பதெல்லாம் நடந்தது. பயந்து செத்தோம், ஆனால் அந்தக் கட்டத்தில் டாக்டர்களையும் நர்சுகளையும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் வரும் கட்டம். "ஆபத்தெல்லாம் தாண்டியாச்சு, இனி வளர்ந்தா போதும்" என்று சொல்லி உள்ளேயே வைத்திருப்பார்களே, அந்த நாட்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் நம் குழந்தையிடம் நிற்கும் நேரம் குறைந்துவிடும், ஏனென்றால் பக்கத்தில் இன்னும் மோசமான நிலையில் ஒரு குழந்தை வந்திருக்கும். அது நியாயம்தான். ஆனால் எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் வீட்டுக்கு விடுவார்கள் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதலில் எடை. பிறந்த எடையிலிருந்து பத்து சதவீதம் போல இறங்குவதும், மறுபடி அதைத் தொட இரண்டு வாரம் வரை ஆவதும் சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் அதைத் தாங்கிக்கொண்டோம். அப்புறம் நன்றாக ஏறிக்கொண்டிருந்தவள் ஒருநாள் திடீரென்று 40 கிராம் குறைந்துவிட்டாள் என்று நைட் ட்யூட்டி சிஸ்டர் சொன்னதும் எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. பாலைக் கூட்டலாமா, தொற்று இருக்குமோ, ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு போனது. கடைசியில் பார்த்தால் அன்று மாலைதான் கையில் ஊசிக்காகக் கட்டியிருந்த அட்டையைக் கழற்றியிருக்கிறார்கள், எடை போட்டதும் வேறு மிஷினில். ஒரு கிலோ சொச்சம் இருக்கிற பிள்ளைக்கு அட்டையும் பிளாஸ்திரியும் ஈர டயப்பரும் சேர்ந்தாலே கணக்கு புரண்டுவிடும். அதே மிஷினா, அதே நேரமா, பால் கொடுக்கும் முன்பா பின்பா, இதைக் கேட்டுவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை ஏறினால் நல்ல வளர்ச்சி என்று டாக்டர் சொன்னார், அதையும் வாரக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தினமும் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

பால் விஷயத்தில் நடந்த அநியாயத்தை நான் மறக்கவே மாட்டேன். நேரடியாகக் குடிக்கத் தெரியாத குழந்தைக்கு நாம் பீய்ச்சிக் கொடுப்பதுதான் டியூப் வழியாகப் போகிறது. தாய்ப்பால் போனால் குடல் அழுகிப்போகும் அந்தப் பயங்கர நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதால் சொட்டுகூட வீணாக்காதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை, அதில் ஒன்றாவது நடுராத்திரிக்கு மேல், பீய்ச்ச வேண்டும், இல்லையென்றால் சுரப்பு குறைந்துவிடும். ஆபரேஷன் வலியோடு உட்கார்ந்து, சிறிஞ்சில் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மில்லியைப் பார்த்து அன்றைக்கு அப்படி ஒரு பெருமை. பின்னால் பாட்டில் பாட்டிலாக வரத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை போனால் முந்தின ராத்திரி கொடுத்த பால் முழுவதும் கொட்டப்பட்டிருக்கிறது. ஏன்? லேபிளில் நேரம் தெரியவில்லையாம். நான் எழுதித்தான் கொடுத்தேன். ஃபிரிட்ஜ் ஈரத்தில் மை கரைந்திருக்கிறது. "ரூல்ஸ்ம்மா, நாங்க என்ன பண்றது" என்றார் அந்த அம்மா, முகத்தைக்கூடப் பார்க்காமல். ரூல் சரிதான், நேரம் தெரியாத பாலைக் கொடுக்கக்கூடாது. ஆனால் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அன்றிலிருந்து பால்பாயின்ட் பேனாவால் எழுதி மேலே செலோடேப் ஒட்டினேன், ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. நீங்களும் செய்யுங்கள்.

அடுத்து கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை நம் வெறும் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வது. பகல் ஷிஃப்ட் சிஸ்டர் தானே கூப்பிட்டு வைத்துவிடுவார். சாயங்கால ஷிஃப்ட்டில் ஒருவர், "வயர் கழண்டுக்கும், குழந்தை குளிர்ந்துடும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று துரத்துவார். இத்தனைக்கும் இன்குபேட்டர் பற்றாமல்தான் 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இந்த முறையையே ஆரம்பித்தார்கள், குழந்தை குளிராமல் இருக்கத்தான் இதுவே! 2022ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்று தெளிவாக இருக்கிறது. இதை அந்த சிஸ்டரிடம் சொல்லி வாதாடினால் வேலைக்கு ஆகாது, வாதாடியும் பார்த்தாயிற்று. என் கணவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் போய், "இதைக் கேஸ் ஷீட்டில் ஆர்டராக எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார். எழுதிவிட்டார். அதற்கப்புறம் எந்த ஷிஃப்ட்டிலும் ஒரு பேச்சு இல்லை. என்ஐசியுவில் வாயால் சொன்னதற்கு மதிப்பு ஒரு ஷிஃப்ட் வரைதான், எழுதியிருந்தால்தான் நடக்கும்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன்.

குறைமாதக் குழந்தைகள் திடீர் திடீரென்று மூச்சு விட மறந்துவிடும், இதயத் துடிப்பும் கூடவே இறங்கும். மூளையின் மூச்சு மையம் முதிராததால் வருவது இது. அதற்குத்தான் கஃபீன் மருந்து கொடுப்பார்கள், ஆம், காபியில் இருக்கும் அதேதான். வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து சுமார் 34 வாரம் ஆனதும் இதை நிறுத்திவிட்டு, அதன் பிறகு தொடர்ந்து சில நாட்கள் ஒரு சம்பவமும் இல்லாமல் இருந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். எங்கள் மருத்துவமனையில் ஏழு நாள். சில இடங்களில் ஐந்து என்கிறார்கள். நடுவில் ஒன்று வந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இந்த விதியே எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று சொல்லி, நாங்கள் பையெல்லாம் கட்டிக்கொண்டு போய் நின்ற அன்றைக்கு!

முந்தின நாள் மத்தியானம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்று நான்கைந்து முறை விழுங்கினாள், மூச்சு விடவில்லை. மானிட்டரில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90, 84, 76 என்று இறங்கி, துடிப்பு 70க்குப் போய், உதட்டைச் சுற்றி சாம்பல் நிறம் ஓடியது, கடைவாயில் பால் வழிந்தது. சிஸ்டர் பாட்டிலை எடுத்துவிட்டு நிமிர்த்தி முதுகைத் தேய்த்ததும் ஒரு இழுப்பு இழுத்தாள், எல்லாம் சரியாகிவிட்டது. எங்களுக்கு அது முடிந்த விஷயம். ஆனால் சார்ட்டில் ஏறிவிட்டது. மறுநாள் காலை ட்யூட்டி டாக்டர், "பால் குடிக்கும்போது வந்தது, கணக்கில் சேராது" என்றார். பத்து மணிக்கு வந்த இன்னொருவர், "தட்டிக் கொடுத்துத்தானே சரியாச்சு, சேரும்" என்றார். மத்தியானம் வரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் சேரும் என்று முடிவானது. நான் அந்த வராந்தாவிலேயே அழுதேன். இப்போது யோசித்தால் அந்த இரண்டாவது டாக்டர் செய்தது சரிதான், வீட்டில் அப்படி ஆகியிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் முந்தின நாளே சொல்லியிருக்கலாம். கஃபீன் நிறுத்தும் அன்றே கேட்டு வையுங்கள்: எத்தனை நாள், எதெல்லாம் சம்பவம், பால் குடிக்கும்போது வருவது சேருமா, தானாகச் சரியானால் சேருமா.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை சுமார் 34 வாரத்துக்குத்தான் வரவே ஆரம்பிக்கிறது. ஆகவே அவசரப்படுத்திப் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சில மடக்குக்கு ஒருமுறை பாட்டிலைச் சாய்த்து மூச்சு விட இடைவெளி கொடுக்க ஒரு வயதான சிஸ்டர் கற்றுக் கொடுத்தார், அதற்கப்புறம் அந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைந்தது. இன்னொருவர் பாலை முடிக்க வேண்டுமே என்று ரப்பரை வாயில் ஆட்டி ஆட்டித் திணிப்பார். பார்த்தால் தடுத்துவிடுங்கள், மரியாதையாகச் சொன்னால் கேட்கிறார்கள். அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காமல் முதலில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள், பாதிக்குப் பாதி காலில் கட்டிய சென்சார் நழுவியதால்தான் அடிக்கும்.

கண் பரிசோதனையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோஜனமில்லை. விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளர்ந்து முடியும் முன் பிறப்பதால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடலாம். ஆக்சிஜன் அதிகமானாலும் இந்த ஆபத்து கூடும், அதனால்தான் ஆக்சிஜன் ஓடும்போது சாச்சுரேஷனை 90 முதல் 95க்குள் வைக்கிறார்கள், நூறு காட்ட வேண்டும் என்று நாம் சண்டை போடக்கூடாது. இவள் மாதிரிக் குழந்தைகளுக்குப் பிறந்து நான்கு வாரத்தில் முதல் பரிசோதனை. எங்கள் முறை வந்த அன்று பாலை நிறுத்தி வைத்து, கண் பாப்பா விரிய சொட்டு மருந்து மறுபடி மறுபடி விட்டு, அவள் பசியில் கத்தி ஓய்ந்த பிறகு, "கண் டாக்டர் இன்னிக்கு வரல" என்றார்கள். எப்போது வருவார்? தெரியாது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். இது தள்ளிப்போடும் விஷயமே இல்லை, தாமதமானால் சிகிச்சைக்கான நேரம் கைவிட்டுப் போகலாம். இவர் விடவில்லை, பெரிய டாக்டர் வரும்வரை அங்கேயே நின்று பேசி, வேறொரு கண் டாக்டரை அந்த வாரத்துக்குள்ளேயே வரவழைத்தார். நல்ல வேளை, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் ரத்தக்குழாய்கள் முழுதாக வளரும்வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒருவழியாக ஏழு நாள் முடிந்து நிஜமாகவே டிஸ்சார்ஜ். அங்கேயும் கவுண்டரில் ஒரு மகானுபாவர். பணம் கட்டிக் கணக்கு முடிந்தால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சை விவரக் காகிதம்) தருவேன் என்கிறார், கணக்குப் பிரிவில் போனால் சம்மரி வந்தால்தான் கணக்கை முடிப்போம் என்கிறார்கள். இந்தப் பந்தாட்டம் முடிந்து கைக்கு வந்த காகிதத்தை இவர் அங்கேயே நின்று வரி வரியாகப் படித்தார். 29 வாரம் என்பதற்கு 39 வாரம் என்று இருந்தது! கண் டாக்டர் தனித்தாளில் எழுதிய ரிப்போர்ட்டைக் காணோம். "டைப்பிங் மிஸ்டேக் சார், பேனாவால திருத்திக்கோங்க" என்றார் கவுண்டர்காரர். எப்படித் திருத்திக்கொள்வது? இரண்டு வயது வரை இவள் வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து பார்க்காமல், முன்கூட்டிப் பிறந்த 11 வாரத்தைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் இவள் செய்வதை மூன்றரை மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். 39 என்று இருந்தால் நாளைக்கு வேறு டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தை பின்தங்கியிருக்கிறது என்பார். வாக்குவாதம் கொஞ்சம் பலமாகவே நடந்தது. திருத்தி, புதிதாக பிரிண்ட் எடுத்து, கண் ரிப்போர்ட்டையும் அடுத்த தேதியையும் சேர்த்து, சீல் போட்டு வாங்கிய பிறகுதான் நகர்ந்தோம். (தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிக் கணக்குதான்.)

காது பரிசோதனையிலும் கவனம். காதில் குமிழ் வைத்துச் செய்யும் சாதாரண பரிசோதனையில் பாஸ் என்று எழுதியிருந்தார்கள். என்ஐசியுவில் நாள் கணக்கில் இருந்த குழந்தைகளுக்கு நரம்பில் குறை இருந்தால் அதில் தெரியாது, தலையில் சென்சார் ஒட்டிச் செய்யும் ஏபிஆர் தேவை. கேட்ட பிறகுதான் அதற்குத் தேதி கொடுத்தார்கள்.

கடைசியாக மருந்து. இரும்புச்சத்து சொட்டு மருந்தை வெறும் மில்லி கணக்கில் எழுதியிருந்தார்கள். மருந்துக்கடையில் கொடுத்தது வேறு கம்பெனி, ஒரு மில்லிக்கு இருக்கும் அளவும் வேறு. மில்லிகிராமிலும் எழுதி வாங்குங்கள், மருந்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் சிஸ்டரையே ஒருமுறை சிறிஞ்சில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கோட்டில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கண் பரிசோதனை வியாழக்கிழமை. இந்த முறை சொட்டு மருந்தைத் தொடும் முன்பே போன் போட்டு, டாக்டர் வருகிறாரா என்று கேட்டாயிற்று. வருகிறாராம். புதன்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவையும் கேட்போம்.